அகமதாபாத் பழைய நகரத்துக்கு ஒரே நாள்: வழிகாட்டியோடு நடப்பதா, காரில் சுற்றுவதா?

கேள்வி – கோவை_நூல்கண்டு

எல்லாருக்கும் வணக்கம். ஜனவரி கடைசியில் வேலை விஷயமாக அகமதாபாத் போகிறேன். இந்த முறை அப்பா, அம்மா இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போவதாக முடிவு செய்திருக்கிறேன். அப்பா கோவையில் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மில் வேலைக்குப் போன நாளிலிருந்து அகமதாபாத் பெயரைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், ஊரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. நடப்பார், ஆனால் மெதுவாக. இரண்டு பேரும் சுத்த சைவம்.

எனக்கு முழுசாகக் கிடைப்பது ஒரு சனிக்கிழமை மட்டும். தங்கப்போகும் விடுதியில் ஒரு கார் திட்டம் சொல்கிறார்கள்: காலை சபர்மதி ஆசிரமம், அப்புறம் அடாலஜ் படிக்கிணறு, மதியம் பழைய நகரம், சாயங்காலம் கடைத்தெரு. மாநகராட்சி நடத்தும் பாரம்பரிய நடை ஒன்று இருப்பதாகவும் படித்தேன். மூன்றாவது வழி, போனில் மேப்பை வைத்துக்கொண்டு நாங்களே சுற்றுவது. எனக்கு இந்தி ஓரளவு வரும்.

பழைய நகரத்தைத்தான் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அங்கே இருப்பவர்கள், போய் வந்தவர்கள் சொல்லுங்கள். வயதானவர்களோடு அந்த நடை சரிப்படுமா?


பதில் – மணிநகர்வாசி

தம்பி, எனக்கு வீடு மணிநகரில். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தேன், வங்கி வேலையையும் இங்கேயே முடித்துவிட்டேன். பழைய நகரத்துக் கிளையில் பல வருடம் இருந்தேன். கடன் மனுவைச் சரிபார்க்க, கையெழுத்து வாங்க என்று அந்தச் சந்துகளில் எத்தனையோ வீட்டு மாடிப்படி ஏறியிருக்கிறேன். எனக்கு ரொம்பப் பிடித்த இடம் என்பதால் நீளமாகவே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கார் திட்டம் வேண்டாம். ஆசிரமம் ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது, பழைய நகரம் கிழக்குக் கரையில். அடாலஜ் ஊருக்கு வடக்கே ஏறக்குறைய 18 கிலோமீட்டர். நாளில் பாதி காருக்குள்ளேயே கழிந்துவிடும். அதைவிடப் பெரிய சங்கடம், பழைய நகரத்தைப் பார்க்க மதியம் சரியான நேரமே இல்லை. ரிலீஃப் ரோட்டிலும் காந்தி ரோட்டிலும் அப்போது ஸ்கூட்டரும் தள்ளுவண்டியும் முட்டி மோதிக்கொண்டிருக்கும். கார் உள்ளே நுழையாது. சித்தி சையத் மசூதி வாசலில் இறக்கிவிட்டு, இதுதான் பழைய நகரம் என்று சொல்லி ஏற்றிக்கொள்வார்கள்.

மாநகராட்சி நடைக்கே போங்கள். 1997 நவம்பரில் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. வழக்கமாகக் காலை 7.45க்குக் காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலில் ஆரம்பித்து, 10.30 வாக்கில் ஜாமா மசூதியில் முடியும். கோயிலிலிருந்து மசூதி வரைக்கும் என்றுதான் இங்கே அதைச் சொல்வார்கள். தூரம் இரண்டு, இரண்டரை கிலோமீட்டர் இருக்கும். மாநகராட்சி இணையதளத்தில் முன்கூட்டியே பதிந்துகொள்ளுங்கள், இப்போதைய கட்டணமும் அங்கேயே இருக்கும். ஜனவரியில் வெளிநாட்டுக்காரர்கள், பட்டம் விடும் பண்டிகைக்கு வந்து தங்கியவர்கள் என்று கூட்டம் சேரும்.

வழிகாட்டி எதற்கு, நாமே போனால் ஆகாதா என்று கேட்டீர்கள். ரிலீஃப் ரோட்டில் நின்று பார்த்தால் வரிசையாகக் கடைகள்தான் தெரியும். இரண்டு கடைக்கு நடுவில் ஒரு வாசல் இருக்கும். மேலே ஒரு சின்ன அறை, கீழே பழைய மரக் கதவு. அதற்குள் ஒரு சந்து, சந்துக்குள் சந்து, நூற்றுக்கணக்கான குடும்பங்கள். இதைத்தான் போள் என்கிறார்கள். மேலே இருக்கும் அறை ஒரு காலத்தில் காவல்காரனுக்கு. இரவில் கதவைச் சாத்திவிடுவார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் முகலாய ஆட்சி தளர்ந்து, மராட்டியப் படைகள் வந்து போய்க்கொண்டிருந்த காலத்தில் இந்த ஏற்பாடு இன்னும் இறுகியது. ஒரே தொழில், ஒரே சாதி, ஒரே மதம் என்று சேர்ந்து வாழ்ந்த தெரு அது. இன்றைக்கும் பல போள்களுக்குத் தனிப் பஞ்சாயத்து உண்டு. நுழையும் இடத்தில் கரும்பலகை இருக்கும், சாவு, கல்யாணம், தண்ணீர் வராத நாள் எல்லாம் அதில் சாக்பீஸால் எழுதுவார்கள்.

அந்த வாசலுக்குள் அறிமுகமில்லாத நாலு பேர் கேமராவோடு நுழைந்தால், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கத்தான் செய்வார்கள். கேட்பது நியாயமும்கூட, ஏனென்றால் அது அவர்கள் வீட்டு முன்வாசல். மாநகராட்சி வழிகாட்டி தினமும் அதே நேரத்துக்கு அதே வழியில் போகிறவர். திண்ணையில் காய் நறுக்கிக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு அவரைத் தெரியும். அவர் முன்னால் போனால் உங்களையும் யாரும் தடுக்க மாட்டார்கள். மேப் இதைச் செய்யாது. சில சந்துகளில் மேப் வேலையே செய்யாது.

இனி வழியில் என்ன பார்ப்பீர்கள் என்று சொல்கிறேன்.

சுவாமிநாராயண் கோயில் 1822இல் கட்டியது, அந்தச் சம்பிரதாயத்தின் முதல் கோயில். பர்மாத் தேக்கில் செதுக்கிய தூண்களும் தாங்கிகளும் வண்ணம் பூசி அப்படியே இருக்கின்றன. முதலில் ஒரு படக்காட்சி காட்டுவார்கள், ஊரின் கதை அதில் வந்துவிடும். 1411இல் சுல்தான் அகமது ஷா இந்த ஊரை உண்டாக்கியதிலிருந்து தொடங்கும். அதைத் தவறவிடாதீர்கள், அப்புறம் பார்ப்பதெல்லாம் பிடிபடும்.

அடுத்து லம்பேஷ்வர் போள். அங்கே கவி தல்பத்ராம் வெண்கலச் சிலையாக உட்கார்ந்திருப்பார். 1820இல் பிறந்து 1898இல் மறைந்த குஜராத்திக் கவிஞர். அவர் இருந்த வீடு போய்விட்டது, முகப்பை மட்டும் மறுபடி எழுப்பி முன்னால் ஒரு சின்ன முற்றம் அமைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் சிலைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அரட்டை அடிக்கும். கவிஞர் ஒருவரை இப்படித் தெருப்பிள்ளைகளோடு உட்கார வைத்த ஊரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

போகப் போக, ஒற்றைத் தூணின் மேல் மாடம் மாதிரி ஒன்று நிற்கும். அதுதான் சபூத்ரோ, பறவைகளுக்குத் தீனி வைக்கும் இடம். நெருக்கி நெருக்கி வீடு கட்டியதில் மரத்துக்கு இடமில்லாமல் போனது, பறவைகளுக்காவது ஒரு இடம் வேண்டும் என்று போளுக்குப் போள் இதைக் கட்டி, அதையும் கோயில் தேர் போலச் செதுக்கி வைத்தார்கள். காலையில் தானியம் போடுகிறவர்களை நீங்களே பார்க்கலாம். அம்மாவுக்கு இது பிடிக்கும்.

வீட்டுக்குள் எட்டிப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் முற்றத்தின் தரையைப் பாருங்கள். ஒரு மூடி இருக்கும். அடியில் மழைநீர்த் தொட்டி. எங்கள் வங்கி வாடிக்கையாளர் ஒரு பெரியவர் வீட்டில் அதைத் திறந்து காட்டினார். கூரைத் தண்ணீர் குழாய் வழியாகக் கீழே வரும், முதல் மழையை வெளியே விட்டுவிடுவார்கள், கூரை கழுவப்பட்ட பிறகு வரும் தண்ணீரைத்தான் தொட்டிக்குத் திருப்புவார்கள். உள்ளே வெயில் படாது, சுண்ணாம்புப் பூச்சு. மே மாத வெயிலில் அந்தத் தண்ணீரை ஒரு செம்பு மொண்டு கொடுத்தார். என்ன குளிர்ச்சி! அடுத்த மழை வரைக்கும் சமையலுக்கும் குடிக்கவும் அதுதான் என்றார். சென்னையில் ஒவ்வொரு கோடையிலும் லாரிக்குக் காத்து நின்ற என் அக்காவை அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஹாஜா படேல் போளில் காலா ராம்ஜி கோயில். ராமர் கறுப்புக் கல்லில், உட்கார்ந்த கோலத்தில். நின்ற ராமரையே பார்த்துப் பழகிய நமக்கு அது புதிதாக இருக்கும், அவசரப்படாமல் கும்பிட்டுவிட்டு வாருங்கள். பிறகு வழிகாட்டி யாரோ வீட்டுக் கதவு போல ஒன்றைத் தள்ளி உள்ளே கூட்டிப்போவார். நாலு எட்டு வைத்தால் அடுத்த போளில் நிற்பீர்கள். கலவரம், படையெடுப்பு என்றால் தப்பிப்பதற்கு வைத்த வழிகள் இவை. வெளியாள் ஒருவர் தானாகக் கண்டுபிடிக்க முடியாது.

ஹர்குன்வர் சேட்டாணி ஹவேலி (பழைய மாளிகை வீடு) முன்னால் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள், மரத் தாங்கிகளின் வேலைப்பாடு அப்படி. அந்த அம்மாள் ஹதிசிங் என்ற ஜைன வணிகரின் மனைவி. தில்லி வாசலுக்கு வெளியே கணவர் கட்டத் தொடங்கிய ஜைனக் கோயில் பாதியில் இருக்கும்போது அவர் இறந்துபோனார். மீதியை முன்னின்று கட்டி முடித்தவர் இந்த அம்மாள், 1848இல். வழிகாட்டி அவசரத்தில் இருந்தால் இதைச் சொல்லாமல் கடந்துவிடுவார், நீங்களே கேளுங்கள்.

கடைசியில் பழைய புத்தகக் கடைகள் நிறைந்த ஃபெர்னாண்டஸ் பாலத்தடி, மாணேக் சௌக், அப்புறம் ஜாமா மசூதி. மசூதி 1424இல் கட்டியது. 260 தூண்கள், 15 குவிமாடங்கள், மஞ்சள் மணற்கல். தூண்களின் வேலையைப் பார்த்தால் கோயில் சிற்பி கை தெரியும். முகப்பில் இரண்டு ஸ்தூபிகள் அடிப்பகுதி மட்டும் நிற்கும், மேற்பகுதி 1819 நிலநடுக்கத்தில் விழுந்துவிட்டது. நெரிசலான சந்துகளில் நடந்துவிட்டு அந்த முற்றத்துக்குள் நுழைந்ததும் மூச்சு தாராளமாக வரும். அம்மா அங்கே உட்கார்ந்துகொள்ளலாம். தலையை மூடத் துணி எடுத்து வரச் சொல்லுங்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: வெள்ளிக்கிழமை மதியத்தைத் தவிருங்கள், தொழுகை நேரம்.

அதற்கு மேல் அன்றைக்கு வேறு எதையும் அடுக்காதீர்கள். மதியம் விடுதிக்குப் போய்ப் படுங்கள். சாயங்காலம் மறுபடி வாருங்கள்.


பதில் – மரத்தூண்

நான் திண்டுக்கல்காரன், இங்கே கட்டடக்கலை படிக்கிறேன். அக்கா சொன்னதில் பெரும்பாலும் எனக்கும் உடன்பாடுதான், ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன்.

நடக்கும்போது வீடுகள் எப்படி நிற்கின்றன என்று பாருங்கள். மரச்சட்டம்தான் எலும்பு, செங்கல் இடையில் நிரப்பியது. சுவர்களுக்குள்ளேயே மரக்கட்டைகளைப் படுக்க வைத்துப் பிணைத்திருப்பார்கள். நிலம் அசைந்தால் வீடு கொஞ்சம் வளைந்து கொடுக்கும். 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பல புது அடுக்குமாடிகள் இடிந்து உயிர்கள் போயின. போளில் பழைய மர வீடுகள் நிறைய தாக்குப்பிடித்தன. அதே நிலநடுக்கத்தில்தான் ரிலீஃப் ரோட்டில் இருந்த காலிகோ டோமும் சரிந்தது. 1960களில் காலிகோ மில் தன் துணிக்கடைக்காக எழுப்பிய குவிமாடம் அது, முக்கோணச் சட்டங்களால் கோத்துக் கட்டியது. நடை அந்த வழியாகப் போகும். மில்காரரான உங்கள் அப்பாவுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும்.

குவாவாலா காஞ்சோ என்று ஒரு முடுக்கு வரும். நாலா பக்கமும் நாலு விதமான வீடுகள்: ஒன்றில் மராட்டிய பாணி, ஒன்றில் முகலாய வேலைப்பாடு, ஒன்றில் வெள்ளைக்காரர் காலத்து முகப்பு. எங்கள் வகுப்பில் ஒரு பருவம் முழுக்க உட்கார்ந்து வரையச் சொன்னால்கூட நான் சந்தோஷமாக வரைவேன். அங்கே வழிகாட்டியை இரண்டு நிமிடம் நிற்கச் சொல்லுங்கள்.

ஆனால் ஒரு வருத்தமும் உண்டு. 2017இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது, இந்தியாவில் முதல் நகரம் இதுதான். அப்படியிருந்தும் வாரிசுகள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடிபோய்விட, பூட்டிக் கிடக்கும் வீடுகள் ஏராளம். செதுக்கிய தூணும் தாங்கியும் கழற்றப்பட்டுப் பழம்பொருள் கடைக்குப் போகின்றன. சில போள்களில் கீழ்த்தளம் முழுக்கக் கிடங்காகிவிட்டது. நடையில் அழகான இடங்களையே காட்டுவார்கள். நடுவில் இடிந்து கிடக்கும் வீட்டையும் பாருங்கள், அதைப் பற்றியும் கேளுங்கள். சுற்றுலா வருகிறவர்கள் கேட்டால்தான் அதை யாரும் கவனிப்பார்கள்.

சாயங்காலத்துக்கு என் யோசனை: சித்தி சையத் மசூதி, லால் தர்வாஜா. 1573இல் கட்டி முடித்தது, அக்பர் குஜராத்தைப் பிடித்த சமயம். கல்லில் மரமும் கொடியும் பின்னிய ஜாலி ஜன்னல் மேற்குச் சுவரில் இருக்கிறது. அகமதாபாத் ஐஐஎம் சின்னமாக வைத்திருப்பது அதைத்தான். மேற்குச் சுவர் என்பதால் மாலை வெயில் நேராக அதன்மேல் விழும். பெண்களைத் தொழுகைக் கூடத்துக்குள் விடுவதில்லை, ஆனால் ஜாலியை வெளியிலிருந்தே நன்றாகப் பார்க்கலாம். நான்கரை, ஐந்து மணிக்குப் போங்கள்.


பதில் – சேலம்_பயணி

போன வருடம் நான் அந்த மாதிரிக் கார் திட்டத்தில்தான் போனேன், அதனால் சொல்கிறேன். கூட வந்த வழிகாட்டி நல்ல மனிதர்தான், ஆனால் வண்டி நின்ற இடமெல்லாம் கடை. பட்டோலா பட்டுச்சேலை என்று ஒரு இடம், கம்பளம் என்று ஒரு இடம், வெள்ளி என்று ஒரு இடம். ஒவ்வொன்றிலும் டீ கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள், எழுந்து வருவதற்குள் நேரம் போய்விடும். பழைய நகரத்தில் இறங்கியபோது வெளிச்சம் மங்கிவிட்டது. போள் என்ற ஒன்று இருப்பதே ஊருக்குத் திரும்பிய பிறகு படித்துத்தான் தெரிந்தது.

தனியார் வழிகாட்டிதான் வேண்டும் என்றால், எந்தக் கடைக்கும் கூட்டிப்போகக் கூடாது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். எந்தெந்தப் போள் வழியாகப் போவார் என்று கேளுங்கள். பெயர் சொல்லத் தெரியாதவர் என்றால் வேண்டாம்.


கோவை_நூல்கண்டு

மணிநகர் அக்கா, மற்ற நண்பர்கள், எல்லாருக்கும் நன்றி. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். காலிகோ என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார், அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஃபோர்மேன்கள் வாயில் அடிபட்ட பெயராம். நடைக்கே போவதாக முடிவு செய்துவிட்டோம்.

இன்னும் சில சந்தேகங்கள். இரண்டரை மணி நேரம் அம்மாவால் நிற்க முடியுமா? நடுவில் விலகிக்கொள்ள வழி உண்டா? கழிப்பறை வசதி எப்படி? காலை உணவை எங்கே முடிப்பது? அப்பா, மில் சம்பந்தமாக ஏதாவது பார்க்க முடியுமா என்று கேட்கிறார். சாயங்காலம் மாணேக் சௌக்கில் என்ன இருக்கும்?


பதில் – மணிநகர்வாசி

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார் என்று படித்ததும் எனக்கும் சந்தோஷம்.

அம்மாவின் முழங்காலுக்கு: ஏற்றம் இறக்கம் அதிகமில்லை, ஆனால் தரை சமமாக இருக்காது. கல் பாவிய சந்து, வாசல்படி, ஈரம், மாட்டுச் சாணம், ஸ்கூட்டர் எல்லாம் உண்டு. பிடிப்புள்ள செருப்பு போடச் சொல்லுங்கள். கோயில்களில் கழற்றி மாட்ட வேண்டியிருப்பதால் வார் கட்டும் ஷூ வேண்டாம். வீடுகளுக்கு முன்னால் இருக்கும் திண்ணையை ஓட்லோ என்பார்கள். ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்கார்ந்தால் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். பல வீடுகளில் தண்ணீரும் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆரம்பத்திலேயே வழிகாட்டியிடம் அம்மா மெதுவாக நடப்பார் என்று சொல்லிவிடுங்கள். முடியவில்லை என்றால் எந்தப் போளிலிருந்தும் பெரிய தெருவுக்கு வெளியே வந்துவிடலாம். அங்கிருந்து ஆட்டோ பிடித்து ஜாமா மசூதி வாசல் போய் நீங்கள் வரும் வரை அம்மா காத்திருக்கலாம், ஒருவர் மட்டும் துணைக்குப் போனால் போதும். அப்படி நேர்ந்தால் முதல் பாதியை விட்டுவிடாதீர்கள், போள் எல்லாம் அதில்தான் வருகிறது.

கழிப்பறை விஷயத்தில் பெண்களுக்குக் கொஞ்சம் யோசனை வேண்டும். கோயில் வளாகத்திலேயே போய்விட்டு நடையை ஆரம்பியுங்கள். நடுவில் தேடி அலைவது கஷ்டம்.

காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வராதீர்கள். ஒரு டீ, இரண்டு பிஸ்கட் போதும். நடை முடிந்ததும் காந்தி ரோடு பக்கம் போனால் சூடாக ஃபாஃப்டா, ஜிலேபி கிடைக்கும். கடலைமாவில் பட்டையாக இழுத்துப் பொரித்தது ஃபாஃப்டா. தொட்டுக்கொள்ளப் பப்பாளிக்காய்த் துருவலும் பொரித்த பச்சைமிளகாயும் தருவார்கள். மதியம் குஜராத்தி தாலி, அதாவது தட்டுச் சாப்பாடு என்றால் லால் தர்வாஜாவில், சித்தி சையத் மசூதிக்கு எதிரிலேயே பழைய மில் அதிபர் மாளிகை ஒன்று விடுதியாக இருக்கிறது, ஹவுஸ் ஆஃப் எம்ஜி என்று பெயர். அதன் மாடியில் நல்ல தாலி. விலை கூடுதல்தான், ஆனால் நிதானமாக உட்கார்ந்து சாப்பிடலாம். பருப்பில் வெல்லம் போட்டிருப்பார்கள், அம்மாவிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

அப்பாவுக்கு: ஊரின் முதல் நூற்பாலையை ரண்சோட்லால் சோட்டாலால் 1861இல் ஓடவிட்டார். மில்கள் எல்லாம் மதிலுக்கு வெளியேதான் வந்தன, ஆனால் அதற்குப் போட்ட பணம் பெரும்பாலும் இந்தப் போள்களில் இருந்த சேட்டுகளுடையது. நடை போகும் வழியில் இருக்கும் பெரிய ஹவேலிகளை அந்தக் கண்ணோடு பார்க்கச் சொல்லுங்கள். மாணேக் சௌக்கிலேயே பழைய பங்குச் சந்தைக் கட்டடமும் இருக்கிறது, 1894இல் தொடங்கிய சந்தை.

தொழிலாளி பக்கத்துக் கதை எனக்கு இன்னும் பிடித்தது. 1918இல் மில் தொழிலாளிகள் கூலி உயர்வுக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களோடு நின்றவர் அனசூயா சாராபாய். எதிரில் முதலாளிகள் பக்கத்தை வழிநடத்தியவர் அவருடைய சொந்தத் தம்பி அம்பாலால் சாராபாய். காந்தி அதில் உண்ணாவிரதம் இருந்தார். 1920இல் மஜூர் மகாஜன் என்ற தொழிற்சங்கம் உருவானது. அதன் பெண்கள் பிரிவிலிருந்துதான் 1972இல் இலா பட் சேவா அமைப்பைத் தொடங்கினார். தெருவில் காய்கறி விற்கிற பெண்கள், வீட்டில் தையல் தைக்கிற பெண்கள், தலைச்சுமைக்காரிகள் எல்லாரும் அதில் உறுப்பினர்கள். எங்கள் கிளைக்கு வருகிற பெண்களில் பலர், கையெழுத்து போடத் தெரியாவிட்டாலும் தங்கள் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பைசா சுத்தமாகச் சொல்வார்கள். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்துகொண்டேன். பத்ரா கோட்டைக்கு முன்னால் சாயங்காலம் உட்காரும்போது சுற்றிக் கடை விரித்திருக்கும் பெண்களைப் பாருங்கள். அப்பா இதையெல்லாம் ரசிப்பார்.

மில் துணிகளைப் பார்க்க வேண்டும் என்றால் ஷாஹிபாகில் காலிகோ அருங்காட்சியகம் இருக்கிறது. இந்தியாவில் துணிக்கு அதைவிட நல்ல சேகரிப்பு நான் பார்த்ததில்லை. ஆனால் முன்பதிவு கட்டாயம், சிலரைத்தான் அனுமதிப்பார்கள். அதனால் இப்போதே கேட்டு வையுங்கள். கிடைத்தால் அதை வேறு நாளில் அப்பாவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், சனிக்கிழமையில் திணிக்க வேண்டாம்.

இனி சாயங்காலம். நான்கரைக்கு அந்தத் தம்பி சொன்னபடி ஜாலி. அங்கிருந்து பத்ரா கோட்டை பக்கத்தில்தான், பத்ரகாளி அம்மனைக் கும்பிட்டுவிட்டு நேராக வந்தால் தீன் தர்வாஜா. மூன்று வளைவுகள் கொண்ட பழைய வாசல். அதில் ஒரு மாடத்தில் விளக்கு எரியும். லட்சுமி ஊரைவிட்டுப் போகப் பார்த்தாள், வாசல் காவல்காரர் ராஜாவிடம் கேட்டுவிட்டு வரும் வரை நில்லுங்கள் என்று வாக்கு வாங்கிக்கொண்டு, திரும்பி வராமலேயே உயிரை விட்டார், அதனால் அவள் இன்னும் இங்கேயே நிற்கிறாள் என்று கதை. அந்த விளக்கைத் தலைமுறையாகப் பார்த்துக்கொள்வது ஒரு முஸ்லிம் குடும்பம். எத்தனையோ கலவரங்களைப் பார்த்த ஊர் இது. அந்த விளக்கின் முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அங்கிருந்து ராணி நோ ஹஜீரோ வரை மெதுவாக நடக்கலாம். அகமது ஷாவின் ராணிகளின் சமாதி, சுற்றிலும் துணிக்கடை, வளையல் கடை, வாய்ப்பாக்குக் கடை. அம்மா இங்கே நேரம் எடுத்துக்கொள்வார், விட்டுவிடுங்கள். பக்கத்திலேயே அகமது ஷாவின் சமாதி, அதன் நடுக் கூடத்துக்குள் பெண்களை விடமாட்டார்கள்.

எட்டு மணிக்கு மேல் மாணேக் சௌக். காலையில் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்த இடம், பகலில் நகைக்கடைத் தெரு, ராத்திரி முழுக்கச் சாப்பாட்டுக் கடை. கடை சாத்திய நகைக்காரர்கள் வாசலிலேயே மேஜை போட்டுவிடுவார்கள். நிறைய இடத்தில் சைவம்தான், கவலை வேண்டாம். பாவ் பாஜியில் வெண்ணெயைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள், இல்லாவிட்டால் அதுதான் மிதக்கும். குவாலியர் தோசை என்று ஒன்று போடுவார்கள், கல்லிலேயே காயும் மசாலாவும் சீஸும் கிளறி. நம் தோசையை மறந்துவிட்டுச் சாப்பிட்டால் ருசிதான். அப்பாவுக்குக் குல்ஃபி வாங்கிக் கொடுங்கள். அம்மாவுக்கு உட்கார இடம் வேண்டும் என்றால் ஒன்பதுக்கு முன்னாலேயே போய்விடுங்கள், அப்புறம் நாற்காலி கிடைக்காது.

திரும்பும்போது ஆட்டோவில் மீட்டர் போடச் சொல்லுங்கள். காலையில் வரும்போது மெட்ரோவும் வசதி, காலுப்பூர் நிலையத்தில் இறங்கிக் கோயில் வரை ஆட்டோ வைத்துக்கொள்ளலாம். சென்னையிலிருந்து நவஜீவன் எக்ஸ்பிரஸில் வருவதாக இருந்தால், எந்த நிலையத்தில் இறங்க வேண்டும் என்று டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். காலுப்பூர் நிலையத்தில் வேலை நடப்பதால் சில வண்டிகளை மாற்றி விடுகிறார்கள்.

நடைக்குப் பதிந்ததும் இங்கே எழுதுங்கள். ஜனவரிக் காலையில் நல்ல குளிர் இருக்கும், அம்மாவுக்கு ஒரு சால்வை எடுத்து வையுங்கள்.